நடை சாத்தும் நேரம்

சென்ற மாதம் அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் இன்னும் என் மேசைமீது இருக்கிறது. அவருக்கு வயது 72. கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. “பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்தவள் நான். இப்போது வாசற்படி தாண்டுவதே அரிதாகிவிட்டது. மாலையில் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாமா என்று மனம் ஏங்குகிறது. படுத்திருப்பவரை விட்டுவிட்டு உனக்கென்ன உலா என்று அதே மனம் உடனே இடித்துரைக்கிறது. இது பாவமா? தாங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்று எழுதியிருந்தார்.

சாத்திரம் பார்த்து விடை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இதே வினாவை என்னை நானே கேட்டுக்கொண்டு ஓராண்டைக் கழித்தவள் என்பதால், எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விடை அதற்குள் இருந்தால் அந்த அம்மையார் எடுத்துக்கொள்ளட்டும்.

என் கணவர் சிவபதம் அடைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பெற்ற அன்னை என்னுடன்தான் இருக்கிறார். வயது 91. மூன்று ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தும் பழையபடி எழுந்து நடக்க இயலவில்லை. நினைவும் வரவரத் தேய்ந்துவிட்டது. காலையில் என்னைத் தம் தங்கை என்பார்; நண்பகலில் தாயார் என்பார்; எப்போதாவது மருமகள் என்று தெளிந்து பெயர் சொல்லி அழைப்பார். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சி புகட்டுவது, துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் என் ஒருத்தியின் கைவேலை. எனக்கும் வயது 66.

ஓர் ஆடி மாத இரவு. மூன்றாம் முறையாகத் துணி மாற்றிவிட்டுப் பால் கொண்டுவந்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட, பால் முழுவதும் புதிய விரிப்பில் கொட்டிற்று. “இன்னும் எத்தனை நாளுக்குத்தான் இப்படி?” என்று கத்திவிட்டேன். எதுவும் நினைவில் நில்லாத அத்தைக்கு அந்தச் சொல்லின் பொருள் மட்டும் விளங்கிவிட்டது. நடுங்கும் இரு கைகளையும் குவித்து, “மன்னிச்சுடும்மா” என்றார்.

நாற்பது ஆண்டுகளாக நான் விழுந்து வணங்கிய கைகள் அவை. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும் பூஜையறையில் விளக்கேற்றக்கூடக் கை கூசிற்று.

பக்கத்து வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் அறிவுரை ஏதும் கூறவில்லை. “அக்கா, இன்றைக்குச் சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் முக்கால் மணி நேரம் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு வாருங்கள்” என்றாள். அப்படித்தான் என் மாலை நடை தொடங்கியது.

தஞ்சைவாசிகள் ஆறு என்று சொல்வது கல்லணைக் கால்வாயைத்தான். ஊரார் இதற்கு இட்ட பெயர் புது ஆறு. காவிரி மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டு, மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-ஆம் ஆண்டில் இதுவும் பயன்பாட்டுக்கு வந்தது. கல்லணையில் பிரிந்து, தஞ்சை நகரின் நடுவே பாய்ந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்கள்வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் ஆண்டு கண்ட பெருவுடையார் கோயிலின் அருகே, நூறாண்டுகூட நிரம்பாத இந்த நீர்வழி ஓடுகிறது. கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் விமானம் தெரியும். கோயிலுக்குள் சென்று வர நேரம் போதாத எனக்கு, கரையில் நின்று விமானத்தை நோக்கிக் கை கூப்புவதே அன்றாடத் தரிசனமாயிற்று. இறைவனின் உருவமாகவே விமானத்தைக் கருதி வணங்குவது நம் மரபுதானே?

முதல் நாள் பத்து நிமிடம்கூட நடக்க முடியவில்லை. வீட்டில் என்ன ஆயிற்றோ என்ற அச்சம் காலைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு வாரம் கடந்த பிறகுதான் நீரின் ஓசை காதில் விழுந்தது.

அந்நாட்களில் எனக்குத் துணையாயிருந்தது புண்டலீகன் வரலாறு. பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த வேளையில் பகவானே வாசலுக்கு வந்து நின்றார். புண்டலீகன் பணியைப் பாதியில் விட்டு எழவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் நின்று காத்திருக்குமாறு வேண்டிக்கொண்டான். அவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பண்டரிபுரத்தில் சந்திரபாகை நதிக்கரையில் இன்றும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார். கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நாம் இருக்கும்போது, நம் வீட்டு வாசலிலும் ஒரு செங்கல்லின்மேல் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு அவசரமில்லை.

ஐப்பசி மாதத்தில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், கரையோரப் புளியமரத்தடியில் ஒரு நாய் கிடந்தது. ஏதோ வண்டி பின்னங்காலில் ஏறியிருக்கிறது. கத்தவும் தெம்பில்லை. நான் அருகே செல்ல அஞ்சினேன். அடிபட்ட நாய் வலியில் கடிக்கும் என்பதை அறிவேன். எதிர்த் தேநீர்க் கடையில் நின்ற இளைஞர் இருவர் கோணிப்பையால் அதன் முகத்தை மூடி, பக்குவமாகத் தூக்கி ஓர் ஆட்டோவில் ஏற்றினர். கால்நடை மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள், உயிர் பிழைத்தது. ஆனால் அந்தக் கால் மட்டும் நேராகவில்லை. ஆட்டோக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். “தினமும் இவ்வழியே நடக்கிறீர்களே அம்மா, உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்” என்று சொல்லி, நாயை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு, இன்னொரு சுமையா என்று தயங்கி நின்றேன். நொண்டியபடியே திண்ணை ஏறி, கதவிடுக்கில் மூக்கை நீட்டிய அந்த நாயைக் கட்டிலிலிருந்த அத்தை பார்த்துவிட்டார். பெற்ற மகளின் பெயரை மறந்துபோனவர், “வைரவனா? உள்ளே வா” என்றார். அவர் பிறந்த ஊர்ச் சிவன் கோயிலில் வைரவர் சந்நிதி பெயர் பெற்றது. அந்த நினைவு எந்த மூலையில் கிடந்ததோ, அறியேன். பெயர் நிலைத்துவிட்டது.

நாயை வீட்டில் வைத்திருப்பது ஆசாரத்திற்கு ஒவ்வுமா என்று கேட்போர் உண்டு. பூஜையறைப் பக்கம் வைரவனை விடுவதில்லை. திண்ணையும் முன்கூடமும்தான் அவன் எல்லை. ஆனால் நம் புராணங்கள் நாயை எந்த இடத்தில் வைத்தன என்பதையும் மறந்துவிடலாகாது. பைரவப் பெருமானுக்கு வாகனம் நாய். அர்த்தசாமம் முடிந்து நடை சாத்தியபின் பல சிவாலயங்களில் திறவுகோல் அவர் திருவடியில்தான் வைக்கப்படுகிறது.

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் ஒரு நாய் வருகிறது. ஜனமேஜயன் வேள்வி செய்யும் இடத்திற்கு, தேவலோக நாயான சரமையின் குட்டி வந்தது. அவன் தம்பியர் அதை அடித்து விரட்டினர். அவிர்ப்பாகத்தை அது நக்கவில்லை, ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. சரமை நேரே வந்து, “குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள்?” என்று வினவினாள். அரச குலத்தாரிடம் விடையில்லை. எதிர்பாராத அச்சம் உன்னை வந்தடையும் என்று சபித்துச் சென்றாள். அதே பாரதம் முடியும் தறுவாயில், மகாபிரஸ்தானிக பர்வத்தில், இன்னொரு நாய். தம்பியரும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட, தருமபுத்திரரை இறுதிவரை தொடர்ந்தது அந்த நாய் ஒன்றே. இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்தியும், என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுத்தார். நாயாக உடன் வந்தது தரும தேவதையே என்பது அதன்பின் வெளிப்பட்டது. எளிய உயிரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே அவருடைய தருமத்தை அளந்து பார்க்கிறது அந்த இதிகாசம்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. திருவண்ணாமலை ஸ்கந்தாசிரமத்தில் பகவான் ரமணருடன் கமலா என்றொரு நாய் இருந்தது. புதிதாக வரும் அன்பரை மலை சுற்றி அழைத்துச் செல்லுமாறு பகவான் சொன்னால், வழியிலுள்ள தீர்த்தங்களையும் சந்நிதிகளையும் காட்டி அது அழைத்து வருமாம். அதே ஸ்கந்தாசிரமத்தில்தான் பகவானின் அன்னை அழகம்மையும் தம் இறுதிக் காலத்தில் இருந்தார். துறவியாகிய மகன் தாயின் நோயில் உடனிருந்து பணிவிடை செய்தார். 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அன்னை பிரியும்வரை, அவர் மார்பிலும் தலையிலும் கை வைத்தபடி அருகிலேயே அமர்ந்திருந்தார். தாய்க்குச் செய்த பணிவிடையும் நாயிடம் காட்டிய பரிவும் அந்த ஆசிரமத்தில் வேறு வேறாக இருக்கவில்லை. ஜாக்கி என்ற நாயின் சமாதியை ரமணாசிரமத்தில் இன்றும் காணலாம்.

மீண்டும் என் கதைக்கு வருகிறேன். வைரவனுடன் நடக்கத் தொடங்கியபின் என் நடையே மாறிற்று. அவன் மூன்று காலால் விரைய முடியாது. பத்தடி நடந்தால் நிற்பான், புல்லை முகர்வான், நீரைப் பார்ப்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் நிற்கப் பழகினேன். வீடு திரும்பிக் கஞ்சி புகட்டும்போது, ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் இடையே அத்தை எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்கு நீண்டதாகத் தோன்றவில்லை.

மாசி மாதம் உறவினர் ஒருவர் அத்தையைப் பார்க்க வந்தார். நான் நடைக்குப் புறப்பட்டதைக் கண்டு, “படுக்கையில் கிடக்கிறவரை விட்டுவிட்டு நாயை அழைத்துக்கொண்டு உலாப் போகிறாயா? ஊர் என்ன சொல்லும்?” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னாரோ என்னவோ, அந்தச் சொல் தைத்துவிட்டது. மறுநாள் முதல் வெளியே செல்லவில்லை.

பன்னிரண்டு நாட்கள் கழிந்தன. பழைய கடுகடுப்பு மெல்லத் திரும்பியது. பன்னிரண்டாம் நாள் மாலை, அத்தைக்குரிய மாத்திரையைப் பிரித்து வாயருகே கொண்டுபோனேன். அப்போதுதான் தட்டில் கிடந்த வெற்றுறை கண்ணில் பட்டது. சற்று முன்னரே கொடுத்திருக்கிறேன்; கொடுத்த நினைவே இல்லை. இரத்த அழுத்த மாத்திரை அது. 91 வயது உடம்பு இரண்டாவதைத் தாங்கியிருக்குமா? கை நடுங்கக் கட்டிலருகே அமர்ந்துவிட்டேன். திண்ணையில் வைரவன் மெல்ல முனகினான். அத்தை கண் திறந்தார். “வைரவன் கூப்பிடறான் பாரு. போயிட்டு வா. நான் எங்கே ஓடிப்போகப் போறேன்?” என்றார்.

அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் பல மாதங்களாக நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து உட்கார வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

கால்வாயில் நீர் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து, ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதை டெல்டாக்காரர்கள் அறிவார்கள். மாசியில் தரை தெரியும். ஆட்கள் சிலர் உள்ளே இறங்கி, சரிந்த கரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர். “வறண்டு கிடக்கிறதே என்று பார்த்தேன்” என்று பேச்சுக் கொடுத்தேன். முதியவர் ஒருவர் நிமிர்ந்து, “தண்ணீர் ஓடும்போது கரையைக் கட்ட முடியாதம்மா. இப்போது கட்டாவிட்டால் ஆனியில் உடைத்துக்கொண்டு போய்விடும்” என்றார்.

என் வினாவுக்கு அதுவே விடை என்று தோன்றிற்று. திரும்பி விமானத்தைப் பார்த்தேன். கோயிலிலும் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் நடை சாத்துகிறோம். மாலை நான்கு மணிக்குத் திறக்கிறோம். இரவில் பள்ளியறைப் பூஜை செய்து பெருமானையே உறங்க அனுப்புகிறோம். அந்நேரத்தில் அடியார்களைக் கைவிட்டார் இறைவன் என்று யாரும் சொல்வதில்லை. மீண்டும் திறப்பதற்காகவே நடை சாத்தப்படுகிறது. நோயாளியின் அறையும் ஒரு சந்நிதி. அங்கே பணிபுரியும் நமக்கும் ஒரு நடை சாத்தும் நேரம் வேண்டும்.

கடிதம் எழுதிய அம்மையாருக்கும் அவரைப் போன்றோருக்கும், பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நடைக்குச் செல்லும் நேரம் நாள்தோறும் ஒன்றாகவே இருக்கட்டும். நோயாளிக்கு உணவும் துணி மாற்றுதலும் முடிந்த வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியே விட்டுச் செல்ல வேண்டாம். நம்பகமான ஒருவரை உட்கார வைத்து, தொலைபேசியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கொடுத்த மாத்திரையை ஒரு தாளில் நேரத்துடன் குறித்துவையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

நீர் ஓடும் காலத்தில் கால்வாய்ப் படியில் இறங்க வேண்டாம். ஓட்டத்தின் வேகம் மேலிருந்து பார்க்கத் தெரியாது. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். நாயை ஆதரிக்க விரும்பினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள், ஆண்டுதோறும் மறவாதீர்கள். கழுத்துவாரைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. அது திடீரென்று இழுத்தால் நம் வயதில் விழுவது இடுப்பெலும்பில் போய் முடியும். இழுத்தோடும் இளநாயைவிட வயது முதிர்ந்த சாதுவான நாயே நமக்கு ஏற்றது. தெரியாத நாயைத் தொட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் கண்டபின் மருந்தில்லை. நாய் வளர்க்க இயலாதோர், வாசலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தாலும் போதும்.

நலம் விசாரிக்க வரும் உற்றார் உறவினருக்கு ஒரு விண்ணப்பம். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறீர்கள், நன்றி. அதனினும் பெரிது, ஒரு மணி நேரம் நீங்கள் கட்டிலருகே அமர்ந்து, பணிவிடை செய்பவரை வெளியே அனுப்புவது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான தானம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதைப் படுக்கையில் இருந்தபடி படிக்கும் பெரியோர்களும் இருப்பீர்கள். உங்கள் வாயிலிருந்து “போய் வா” என்ற இரண்டு சொற்கள் வந்தால், எங்கள் மனத்திலுள்ள குற்றவுணர்வு அனைத்தும் கரைந்துவிடும். அத்தை எனக்குத் தந்தது அதைத்தான்.

அம்மையாரே, தாங்கள் கேட்டது பாவமா என்று. இன்று மாலை வீட்டு வாசலில் நின்று இறைவனை வணங்கிவிட்டு, அரை மணி நேரம் நடந்து வாருங்கள். திரும்பி வந்து கணவரின் கையைப் பிடிக்கும்போது தங்கள் கையில் பொறுமை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால், அந்த நடையும் அவருக்குச் செய்த பணிவிடையே.

மணி ஐந்தாகிறது. பக்கத்து வீட்டுப் பெண் வந்துவிட்டாள். வைரவன் வாசலில் காத்திருக்கிறான்.